28 மாத மாகாணம்: லியுப்ளியானா, 1941–43

1941 மே 3ஆம் தேதி இத்தாலிய மன்னர் பெயரில் ஒரு அவசரச் சட்டம் வெளியானது. எண் 291. யுகோஸ்லாவியாவிடமிருந்து பிடித்த ஸ்லொவேனிய நிலம் இனி இத்தாலிய அரசின் பிரிக்க முடியாத அங்கம், அதன் பெயர் லியுப்ளியானா மாகாணம் என்றது அந்தச் சட்டம். ஏப்ரல் 6இல் யுகோஸ்லாவியா மீது படையெடுப்பு தொடங்கியது, 11இல் இத்தாலியப் படை இன்றைய ஸ்லொவேனியாவின் தலைநகரான லியுப்ளியானாவுக்குள் நுழைந்தது, 17இல் யுகோஸ்லாவிய ராணுவம் சரணடைந்தது. தாக்குதல் தொடங்கி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வேறொரு நாட்டின் மாகாணத்தவர் ஆகிவிட்டார்கள்.

போரில் பிடித்த நிலத்தை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளச் சர்வதேசச் சட்டம் இடம் தராது. 1907இன் ஹேக் விதிகள்படி ஆக்கிரமித்த படை தற்காலிக நிர்வாகி மட்டுமே. ஏற்கெனவே அமலில் இருக்கும் சட்டங்களை முடிந்தவரை மதித்து நடக்க வேண்டும். இத்தாலி அந்தக் கட்டத்தை ஒரே தாவலில் தாண்டியது. தாண்டியதன் விளைவுதான் இங்கே கதை. ஒரு நிலத்தை "ஆக்கிரமித்த பகுதி" என்று வைத்திருந்தால் அங்கே எழும் எதிர்ப்பு போர். "எங்கள் மாகாணம்" என்று அறிவித்துவிட்டால் அதே எதிர்ப்பு ராஜத்துரோகம். பிந்தைய 28 மாதங்களில் நடந்த பலவற்றுக்கு இந்த ஒரு மாற்றம் வழி திறந்துவிட்டது என்பது என் வாசிப்பு.

பந்தியில் மிஞ்சியது

மாகாணத்தின் எல்லையை இத்தாலி வரையவில்லை, ஹிட்லர் வரைந்தார். ஏப்ரல் மாதத்திலேயே அவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். வடக்கே மேல் கார்னியோலா, கிழக்கே கீழ் ஸ்டைரியா. யெசெனிட்சேயின் இரும்பு ஆலை, டிர்போவ்லியேயின் நிலக்கரிச் சுரங்கம் எல்லாம் அந்தப் பக்கம் போயின. வடகிழக்கு மூலையில் பிரேக்முர்யே ஹங்கேரிக்கு. இத்தாலியின் இலையில் விழுந்தது தலைநகர் லியுப்ளியானா, அதற்குத் தெற்கே காடும் மலையும் சிறு விவசாயமுமாகக் கிடந்த சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். ஏப்ரல் கடைசியில் இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சியானோ வியன்னாவில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பைச் சந்தித்தபோது பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பங்கு ஏற்கெனவே பிரிந்திருந்தது.

எல்லைக் கோடு லியுப்ளியானாவின் வடக்குப் புறநகரை ஒட்டியே ஓடியது. ஷென்ட்விட் என்ற புறநகர் ஜெர்மனிக்குப் போனது, நகரம் இத்தாலிக்கு. இந்த மாகாணத்துக்குத் தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொள்ளும் வயலும் கிடையாது, அடுப்புக்குப் போதுமான நிலக்கரியும் கிடையாது. ரேஷன் அட்டையோடுதான் அது பிறந்தது. ஒரு நிர்வாகி இதைப் பார்த்த முதல் நாளே தலையில் கை வைத்திருக்க வேண்டும். ரோமில் யாரும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஜெர்மனி இவ்வளவு விழுங்கியிருக்கும்போது நமக்கும் ஒரு தலைநகர் வந்ததே என்ற திருப்திதான் அங்கே இருந்தது.

மென்மையான சட்டம்

சட்டம் எண் 291ஐ மட்டும் படித்தால் இது தாராளமான ஏற்பாடு என்றே தோன்றும். மாகாணத்துக்குத் தன்னாட்சி உண்டு. மேலே ஒரு உயர் ஆணையர், அவருக்கு ஆலோசனை சொல்ல உள்ளூர் ஸ்லொவேனியர் 14 பேர் கொண்ட ஒரு குழு. மக்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. தொடக்கப் பள்ளியில் ஸ்லொவேனிய மொழி, மேல் வகுப்புகளில் இத்தாலியன் விருப்பப் பாடம், அரசு ஆவணங்கள் இரு மொழியிலும். பல்கலைக்கழகம் திறந்தே இருந்தது.

இதன் விசித்திரம் எல்லைக்கு மேற்கே கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் புரியும். ட்ரியெஸ்தே, கொரிட்சியா பகுதி ஸ்லொவேனியர்கள் முதல் உலகப் போருக்குப் பின், 1920இன் ரப்பாலோ ஒப்பந்தம் வழியாக, இத்தாலிக்குள் வந்தவர்கள். 1923 முதல் அவர்களின் பள்ளிகளிலிருந்து தாய்மொழி வெளியேற்றப்பட்டது. ஊர்ப் பெயர் மாறியது, குடும்பப் பெயரைக்கூட இத்தாலிய மயமாக்கினார்கள். ஆக 1941 கோடையில், அதே மொழி பேசும் இரண்டு பிள்ளைகளில் கொரிட்சியாப் பிள்ளை தாய்மொழியில் படித்தால் குற்றம், லியுப்ளியானாப் பிள்ளைக்கு அது சட்டம் தந்த உரிமை. இருவரும் ஒரே மன்னரின் கீழ். ஆணையராக வந்த எமிலியோ கிராட்சியோலி, ட்ரியெஸ்தேயில் பாசிசக் கட்சியின் தலைவராக இருந்தவர். அங்கே மொழியை நசுக்கிய கட்சியின் ஆள் இங்கே மொழிக் காவலராக வந்து உட்கார்ந்தார்.

உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஏன் ஒத்துப்போனார்கள்? முன்னாள் ஆளுநர் மார்கோ நத்லாச்சென், மேயர் யூரோ அட்லேஷிச் ஆகியோர் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தார்கள். ஜூன் மாதம் ஒரு தூதுக்குழு ரோம் போய் முசோலினியையும் பார்த்துவந்தது. அவர்களைத் துரோகிகள் என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் ஜெர்மானியர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர்களையும் பாதிரியார்களையும் கூண்டோடு நாடு கடத்தினார்கள், பள்ளிகளை ஜெர்மன் மயமாக்கினார்கள், பல்லாயிரம் பேரைச் செர்பியாவுக்கும் குரோவேஷியாவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் லியுப்ளியானாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டவருக்கு இத்தாலியர் பரவாயில்லை என்று தோன்றியதில் வியப்பில்லை. நத்லாச்சென் அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாகாணத்தின் தெற்கே இருந்த கோச்செவ்யே பகுதியின் ஜெர்மானியர் கதை இதில் ஒரு தனிக் கிளை. சுமார் அறுநூறு ஆண்டுகளாக அந்தக் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். மாகாணம் இத்தாலிக்குப் போனதால், ஹிட்லர் அவர்களைத் தன் பகுதிக்கு அழைத்துக்கொண்டார். 1941–42 குளிர்காலத்தில் ஏறக்குறைய 12,000 பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் குடியேறிய பிரெஜிட்சே வட்டாரத்து வீடுகள், சில வாரங்களுக்கு முன்புதான் ஸ்லொவேனியக் குடும்பங்களை விரட்டிக் காலிசெய்யப்பட்டவை. கோச்செவ்யேயில் அவர்கள் விட்டுப்போன ஊர்களோ வெறுமையாக நின்றன. மறுகோடையில் கெரில்லாக்கள் ஒதுங்கக்கூடாது என்று இத்தாலியப் படை அவற்றில் நிறைய ஊர்களைக் கொளுத்தியது.

நகரத்துக்குள் இன்னொரு அரசு

மென்மையான ஆட்சி விரும்பாத ஒரு பலனைத் தந்தது. ஜெர்மன் பகுதியில் படித்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதால் எதிர்ப்பைக் கட்ட ஆள் பஞ்சம். லியுப்ளியானாவில் பேராசிரியர், மாணவர், அச்சகத் தொழிலாளி, மருத்துவர், தபால் ஊழியர் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஏப்ரல் 26ஆம் தேதியே, அதாவது மாகாணம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே, விமர்சகர் யோசிப் விட்மரின் வீட்டில் விடுதலை முன்னணி உருவாகிவிட்டது. கம்யூனிஸ்டுகள், கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள், சோகோல் உடற்பயிற்சி இயக்கத்தினர், கலை இலக்கியக்காரர்கள் என்று நான்கு தரப்பு.

அவர்கள் நடத்தியதைக் கலகம் என்பதைவிட நிழல் நிர்வாகம் என்பது பொருத்தம். வீடு வீடாகத் "தேச வரி" வசூலித்தார்கள். கள்ள அச்சில் பத்திரிகை போட்டார்கள். இத்தாலியர் நடத்தும் ஏடுகளில் எழுதக்கூடாது என்று எழுத்தாளர்களுக்குக் கட்டளை போனது. 1941 கடைசி மாதங்களில் குறித்த நாளில் குறித்த நேரத்துக்குத் தெருவில் யாரும் நடமாட வேண்டாம் என்று செய்தி பரவ, நகர மையம் வெறிச்சோடிப் போனது. ஊரடங்கு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று ஆணையருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

நவம்பர் 17இல் வானொலியும் தொடங்கியது. கிரிச்சாச், அதாவது கத்துபவன் என்று பெயர். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம்போல. ஒலிபரப்புக் கருவியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அலை வரும் திசையைக் காட்டும் கருவிகளோடு தேடிய இத்தாலியரால் அதைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கேட்பவர்களை ஒடுக்கலாம் என்று முடிவுசெய்து, கூரை மேலிருந்த ஆன்டெனாக்களையெல்லாம் இறக்கச் சொன்னார்கள். 1942 ஏப்ரல் வரை அந்தக் குரல் தாக்குப்பிடித்தது.

முள்கம்பி

1942 ஜனவரி 19இல் முசோலினி ஒரு ஆணையின் மூலம் பொது ஒழுங்கை ராணுவத்தின் கையில் கொடுத்தார். இங்கே நிர்வாகக் கோளாறு ஒன்று முளைத்தது. ஆணையர் கிராட்சியோலி உள்துறைக்குப் பதில் சொல்பவர், 11ஆவது படைப்பிரிவின் தளபதி மாரியோ ரொபோத்தி ராணுவத்துக்குப் பதில் சொல்பவர். ஒரு மாகாணம், இரண்டு எஜமானர்கள். "உன் மென்மையால்தான் இந்த நிலை" என்று ஒருவர் மீது ஒருவர் புகார் எழுதிக்கொண்டார்கள். நான் மென்மையானவன் இல்லை என்று காட்ட இருவருக்கும் போட்டி. அதன் செலவை ஊர் கொடுத்தது.

பிப்ரவரி 22–23 இரவில் நகரம் தூங்கிக்கொண்டிருந்தபோது படையினர் அதைச் சுற்றி முள்கம்பி இழுத்தார்கள். காலையில் எழுந்தவர்களுக்கு ஊரைவிட்டு வெளியே போகச் சோதனைச் சாவடியும் அனுமதிச் சீட்டும் தேவைப்பட்டன. வளையத்தின் நீளம் 30 கிலோமீட்டருக்கு மேல், இடையிடையே பதுங்கு குழிகள். அப்புறம் உள்ளேயும் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துச் சல்லடை போட்டார்கள். ஒரு வட்டாரத்தின் ஆண்களை எல்லாம் வரிசையாக நடத்திக் கொண்டுபோவார்கள், முகம் மறைத்த உளவாளி ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தலையசைத்தால் அந்த மனிதர் வீடு திரும்ப மாட்டார்.

கம்பிக்கு உள்ளே ஒரு மாகாணத் தலைநகர் இயங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அலுவலகம் உண்டு, கல்லூரி உண்டு, இரு மொழி அறிவிப்புப் பலகை உண்டு. தன்னாட்சி மாகாணம் என்று எழுதிய சட்டம் ரத்தாகவும் இல்லை. தன் குடிமக்கள் என்று சொல்லிக்கொண்டவர்களை அரசே வேலிக்குள் அடைத்தது. முள்கம்பி மொத்தம் 1,170 நாள் நின்றது, இத்தாலியர் போன பின்பும்.

ஏப்ரல் 24இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. இத்தாலியரோ அவர்களோடு ஒத்துழைப்பவரோ தாக்கப்பட்டு, 48 மணி நேரத்துக்குள் குற்றவாளி பிடிபடாவிட்டால் சிறையில் இருப்பவர்களிலிருந்து பணயக் கைதிகளைச் சுடுவோம் என்று. நகரின் சரளைக் குழி ஒன்று கொலைக்களமானது.

1942 கோடை

இரண்டாவது படையின் தளபதி மாரியோ ரொவாத்தா மார்ச் 1ஆம் தேதி அனுப்பிய சுற்றறிக்கையின் எண் 3சி. "பல்லுக்குப் பல் அல்ல, பல்லுக்குத் தலை" என்பது அதன் வரி. விடுதலை முன்னணியின் கெரில்லாக்கள் அப்போது மாகாணத்தின் பெரும்பகுதி கிராமங்களைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். இத்தாலியரிடம் மிஞ்சியவை நகரங்களும் ரயில் பாதைகளும். அந்தப் பாதையும் பத்திரமில்லை. ஜூன் கடைசியில் வெர்ட் நிலையம் அருகே, நகரத்தில் பிடித்தவர்களை முகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயிலை மறித்துச் சுமார் 300 பேரை விடுவித்தார்கள்.

ஜூலை 16 முதல் நவம்பர் தொடக்கம் வரை பெரும் படை நடவடிக்கை நடந்தது. வீடு எரிந்தது, ஆண்களைச் சுட்டார்கள், பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் முகாமுக்கு ஏற்றினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. பிடிபட்டவர்கள் பற்றிய ஒரு அறிக்கையின் மேல் ரொபோத்தி தன் கையால் எழுதிய குறிப்பு: "போதுமான அளவு கொல்லவில்லை!"

முகாம்களில் பெரியவை இத்தாலியின் கொனார்ஸும், அத்ரியாடிக் கடலில் உள்ள ராப் தீவும். ராப் முகாம் ஜூலையில் கூடாரங்களோடு திறந்தது. அக்டோபர் கடைசியில் பெருமழை வந்து கூடாரங்களை அடித்துக்கொண்டு போனது. பசி, வயிற்றுப்போக்கு, குளிர். இறந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தெரியும், மொத்த எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் அதற்கு மேலே போகின்றன. மாகாண மக்கள்தொகையில் 25,000 பேருக்கு மேல் இத்தாலிய முகாம்களைப் பார்த்தவர்கள். பதின்மூன்று பதினான்கு பேரில் ஒருவர்.

டிசம்பரில் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்துதான் இந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்தியது. ராப் கைதிகளிடம் கடும் பட்டினியின் அடையாளங்கள் தெரிகின்றன என்ற மருத்துவரின் தகவலை, கிராட்சியோலியின் அலுவலகம் ராணுவத்துக்கு எழுதித் தெரிவித்தது. அப்போது ரொபோத்தியின் இடத்தில் காஸ்தோனே கம்பாரா. அவர் எழுதிய பதில்: வதை முகாம் என்றால் கொழுக்க வைக்கும் முகாம் என்று பொருளில்லை, நோயாளி என்பவன் அமைதியாக இருக்கும் ஆள். கடிதம் எழுதிய அலுவலகம் கருணையால் எழுதியது என்று நான் நம்பவில்லை. பணயக் கைதிகளைச் சுடும் அறிவிப்பில் கையெழுத்திட்டதும் அதே ஆணையர்தான். ஆனால் மாகாணம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தக் காகிதமே பிறந்தது. கைதிகள் அவருடைய கணக்கில் குடிமக்கள், அவர்கள் பட்டினியில் செத்தால் எழுதி வைக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதற்கு மேல் அந்த உறவால் யாருக்கும் ஒரு ரொட்டித் துண்டு கூடுதலாகக் கிடைக்கவில்லை.

ஊருக்குள் பிளவு

இதையெல்லாம் இத்தாலியர் மட்டும் செய்த கொடுமையாக எழுதினால் பாதி உண்மை விடுபடும். 1942 வசந்தத்தில் விடுதலை முன்னணியின் ரகசியப் பிரிவும் கெரில்லாக்களும் ஒத்துழைப்பவர் என்றும் எதிரி என்றும் கருதிய உள்ளூர்க்காரர்களைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் பலர். மே மாதம் பேராசிரியர்-பாதிரியார் லாம்பெர்ட் எர்லிஹ் நடுத்தெருவில் சுடப்பட்டார். அக்டோபர் 13இல் பாதிரியார் வேடத்தில் கடிதத்தோடு வந்த ஒருவர் நத்லாச்சென்னை வீட்டில் வைத்தே சுட்டார். இத்தாலியர் பதிலுக்கு 24 பணயக் கைதிகளைச் சுட்டார்கள்.

கத்தோலிக்க கிராமங்கள் தற்காப்புக்கு ஆள் திரட்டத் தொடங்கின. இத்தாலியர் அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து, கம்யூனிச எதிர்ப்புத் தன்னார்வப் படை என்று பெயரிட்டார்கள். 1943க்குள் சுமார் 6,000 பேர். முதல் ஆண்டில் மொழியுரிமை கொடுத்து வாங்க முடியாத ஒத்துழைப்பை, இரண்டாம் ஆண்டில் பயத்தைக் கொண்டு வாங்கினார்கள் எனலாம். ஒரே பள்ளியில் படித்தவர்கள் எதிரெதிர் காட்டில் நின்றார்கள்.

செப்டம்பர் 8

1943 செப்டம்பர் 8இல் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வந்தது. சில நாட்களில் மாகாணத்தின் இத்தாலிய நிர்வாகம் ஆவியானது. கெரில்லாக்கள் பீரங்கி முதல் போர்வை வரை பறித்தார்கள். அதே இத்தாலியப் பீரங்கிகளால் துர்யாக் கோட்டையில் ஒளிந்திருந்த கிராமக் காவலரை, அதாவது அந்தத் தன்னார்வப் படையினரைத் தாக்கி, 19ஆம் தேதி கோட்டையைப் பிடித்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் கோச்செவ்யேயில் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் மாநாடும் நடந்தது.

லியுப்ளியானாவுக்குள் ஜெர்மானியர் வந்துவிட்டார்கள். ட்ரியெஸ்தே, கொரிட்சியா, உதினே, போலா, ஃபியூமே ஆகியவற்றோடு இந்த மாகாணத்தையும் சேர்த்து அத்ரியாடிக் கரையோர நடவடிக்கை மண்டலம் என்று ஆக்கி, கரிந்தியாவின் நாஜித் தலைவர் ஃபிரிட்ரிஹ் ரைனரிடம் கொடுத்தார் ஹிட்லர். மாகாணம் என்ற பெயர் அப்படியே நின்றது. தலைமையில் முன்னாள் யுகோஸ்லாவியத் தளபதி லியோன் ருப்னிக். கிராமக் காவலரின் மிச்சம் புதிய ஊர்க்காவல் படையானது. 1944 ஏப்ரல் 20இல், ஹிட்லரின் பிறந்தநாளன்று, பெஜிகிராட் மைதானத்தில் அவர்கள் எடுத்த சத்தியப் பிரமாணம் இன்றுவரை ஸ்லொவேனிய வாக்குவாதங்களில் வந்துபோகிறது. ஆக சட்டப்படியான இத்தாலிய மாகாணம் 28 மாதங்கள், அதன் பெயரும் வேலியும் 1945 மே 9 வரை.

தோற்றவர்களின் கணக்கு முடிந்த விதமும் சமமில்லை. ஆஸ்திரியாவுக்குத் தப்பிய ஊர்க்காவலரைப் பிரிட்டிஷார் திருப்பி அனுப்ப, சுமார் பத்தாயிரம் பேரை, வென்ற யுகோஸ்லாவியப் படையினர் விசாரணையின்றிக் கோச்செவ்ஸ்கி ரோக் காட்டிலும் பிற இடங்களிலும் கொன்றார்கள். ருப்னிக் 1946 செப்டம்பரில் சுடப்பட்டார். இத்தாலியத் தளபதிகளை ஒப்படைக்கும்படி யுகோஸ்லாவியா கேட்டது, 1947 சமாதான ஒப்பந்தமும் போர்க் குற்றவாளிகளை ஒப்படைக்க இத்தாலியைக் கட்டாயப்படுத்தியது. ஒருவரும் போகவில்லை. ரொவாத்தா 1945 மார்ச்சில் ரோமில் ராணுவ மருத்துவமனையிலிருந்து நழுவி ஸ்பெயின் போனார், 1966இல் ரோமுக்கே திரும்பி, 1968இல் அங்கேயே இறந்தார். ரொபோத்தி, கம்பாரா, கிராட்சியோலி மூவரும் எந்த நீதிமன்றத்துக்கும் லியுப்ளியானாவுக்காகப் பதில் சொல்லவில்லை.

1993இல் இத்தாலியும் ஸ்லொவேனியாவும் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு ஒரு கூட்டுக் குழு அமைத்தன, 2000இல் அது ஒருமித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. இத்தாலியப் பள்ளி மாணவரிடம் ராப் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், கோடை விடுமுறைத் தீவு என்பார். லியுப்ளியானாவில் கம்பி ஓடிய தடம் இப்போது மரங்கள் நட்ட நடைபாதை. ஒவ்வொரு மே மாதமும் ஆயிரக்கணக்கானோர் அந்த முப்பது சொச்சம் கிலோமீட்டரையும் நடக்கிறார்கள்.